அப்பாவுக்குப் புரோபயாட்டிக் வாங்கிக் கொடுக்கலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கி எழுதிக்கொள்கிறேன். அம்மாப்பேட்டையில் இருக்கும் அப்பாவுக்கு 74 வயது. 15 வருடமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின் போடுகிறார். போன மார்கழியில் ஆரம்பித்து மூன்று மாதத்துக்குள் இரண்டு தடவை நெஞ்சுச்சளி, இரண்டு தடவையும் ஆன்டிபயாடிக். "வயசானா குடல்ல நல்ல பாக்டீரியா செத்துரும், அதான் எதிர்ப்பு சக்தி இல்ல" என்று மருந்துக் கடையில் உயிருள்ள பாக்டீரியா அடைத்த ஒரு புரோபயாட்டிக் கேப்ஸ்யூலும் ஒரு இம்யூனிட்டி பொடியும் கொடுத்திருக்கிறார்கள். ஏற்கெனவே ஒரு மல்டிவைட்டமின் ஓடுகிறது. எல்லாம் சேர்ந்து மாதம் 2,400 ரூபாய். தொடரலாமா, நிறுத்தலாமா?

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். கேப்ஸ்யூல் தீர்ந்ததும் மறுபடி வாங்க வேண்டாம். பொடியை இன்றைக்கே நிறுத்தலாம். மல்டிவைட்டமினால் பெரிய லாபமும் இல்லை, பெரிய நஷ்டமும் இல்லை. ஆனால் அதற்குள் இருக்கும் ஒரு சத்து, பி12, உங்கள் அப்பாவுக்கு நிஜமாகவே குறைந்திருக்க வாய்ப்புண்டு; அதை ஒரு ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும்.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் காரணம் தெரியாமல் ஒரு டப்பாவை நிறுத்தினால், அடுத்த மாதம் வேறொரு டப்பா அந்த இடத்தில் வந்து உட்காரும். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. சேலத்தில் முப்பது வருடம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்று, இப்போது கன்னங்குறிச்சியில் ஏற்காடு மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் ஆள். மருந்து விஷயத்தில் கடைசி வார்த்தை உங்கள் டாக்டருடையது.

குடல் பாக்டீரியாவின் கணக்கிலிருந்து தொடங்கலாம். உடம்பின் செல்களைவிடப் பாக்டீரியா பத்து மடங்கு என்று பல காலமாகச் சொல்லிவந்தோம், நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். 2016இல் இஸ்ரேலைச் சேர்ந்த ரான் மிலோ குழு மறுபடி எண்ணிப் பார்த்ததில் அது தப்பு என்று தெரிந்தது. ஒரு மனிதருக்குச் சுமார் 30 லட்சம் கோடி சொந்த செல்கள், சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள். ஏறக்குறைய சரிக்குச் சரி. அந்தப் பாக்டீரியாக்களை எடை போட்டால் மொத்தமே 200 கிராம்தான். இப்போது கேப்ஸ்யூலை எடுங்கள். அட்டையில் "500 கோடி" என்று பெரிதாகப் போட்டிருந்தாலும், உள்ளே ஏற்கெனவே இருப்பதில் அது ஏழாயிரத்து அறுநூறில் ஒரு பங்கு. ஏழாயிரம் பேர் இருக்கும் ஊருக்குள் ஒருத்தர் பஸ்ஸை விட்டு இறங்கி வருகிற மாதிரி. அவர் அங்கேயே வீடு பார்த்துக் குடியேறுவதும் அபூர்வம். மாத்திரையை நிறுத்திய சில நாளிலோ சில வாரத்திலோ பெரும்பாலும் வந்த வழியே போய்விடுகிறார்.

ஏற்கெனவே குடியிருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? நமக்குச் செரிக்காத நார்ச்சத்தைத் தின்று, பியூட்டிரேட் போன்ற சிறிய கொழுப்பு அமிலங்களை வெளியே விடுகிறார்கள். பெருங்குடலின் உள்சுவரில் இருக்கும் செல்களுக்கு எரிபொருளில் சுமார் 70 சதவீதம் இந்தப் பியூட்டிரேட்தான். அந்தச் சுவருக்குப் பின்னால்தான் உடம்பின் எதிர்ப்புச் செல்களில் பெரும் கூட்டம் காவல் இருக்கிறது. எதை அடிக்க வேண்டும், எதைப் பார்த்தும் பேசாமல் விட வேண்டும் என்று அவை பழகிக்கொள்வதில் இந்த அமிலங்களுக்கும் பங்கு உண்டு. நார் வராவிட்டால் என்ன ஆகும்? சில பாக்டீரியாக்கள் குடல் சுவரைப் போர்த்தியிருக்கும் சளிப்படலத்தையே தின்ன ஆரம்பித்துவிடும். 2016இல் எலிகளில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். நாம் சோறு போடாவிட்டால் வீட்டுக் கூரையைப் பிய்த்துத் தின்கிற குடித்தனக்காரர்கள்.

வயதானால் எதிர்ப்பு சக்தி குறைவது உண்மைதான், ஆனால் அதற்குப் பாக்டீரியாவுக்கு முன்பே வேறு காரணம் இருக்கிறது. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி. கிருமியை அடையாளம் கண்டு அடிக்கும் டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்களுக்கு அதுதான் பள்ளிக்கூடம். வாலிபத்திலேயே சுருங்கத் தொடங்கி, 70 வயதில் பெரும்பாலும் கொழுப்பாக மாறியிருக்கும். புதுக் கிருமியைப் புதிதாகக் கற்றுக்கொள்ளும் செல்கள் குறைந்துபோகும். எந்தப் பொடியும் அந்தப் பள்ளிக்கூடத்தைத் திரும்பத் திறக்காது. இரண்டாவது விஷயம், முதுமையில் உடம்பெல்லாம் தணல் மாதிரிக் கனன்றுகொண்டே இருக்கும் மெல்லிய அழற்சி. இத்தாலியின் கிளாடியோ ஃப்ரான்செஸ்கி 2000இல் இதற்கு முதுமையையும் அழற்சியையும் சேர்த்து ஒரு பெயரே வைத்தார். குடலுக்கு இங்கேதான் வேலை வருகிறது. 2017இல் கனடாவில், பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு வயதானபோது இந்த அழற்சி ஏறவில்லை. சாதாரண எலிகளுக்கு ஏறியது, குடல் சுவரும் கசிந்தது. ஆக மருந்துக் கடைக்காரர் சொன்னது முழுப் பொய் இல்லை. பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் 2,400 ரூபாய் இருக்கிறது.

அந்த மீதிப் பாதிக்கு அயர்லாந்துக்குப் போக வேண்டும். அங்கே முதியவர்கள் 178 பேரின் மலத்தைப் பரிசோதித்து 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிலர் சொந்த வீட்டில் இருப்பவர்கள், சிலர் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் இருப்பவர்கள். வயது மட்டும்தான் காரணம் என்றால் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருந்திருக்க வேண்டும். இல்லை. வீட்டில் இருந்தவர்களிடம் பலவகைப் பாக்டீரியா, இல்லங்களில் இருந்தவர்களிடம் வகை குறைவு, உடல் தளர்ச்சியும் அழற்சியும் கூடுதல். இரண்டு கூட்டத்தையும் பிரித்துக் காட்டியது அவர்களுடைய தட்டு. இல்லத்துக்குப் போனதும் முதலில் மாறுவது சாப்பாடு. பாக்டீரியா மெதுவாகப் பின்னால் மாறுகிறது. சுருக்கமாகச் சொன்னால் வயது பாக்டீரியாவைக் கொன்றுவிடவில்லை, வயதானவர்களுக்கு நாம் போடும் சாப்பாடு அதைப் பட்டினி போட்டது.

ஐரோப்பாவில் ஐந்து நாடுகளில் 65 முதல் 79 வயது வரை 612 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு வருடம் காய்கறி, பருப்பு வகை, முழுத்தானியம், மீன், ஆலிவ் எண்ணெய் என்று ஒரு பாதிப் பேருக்குச் சாப்பாட்டை மாற்றிய ஆய்வு 2020இல் வந்தது. அந்தச் சாப்பாட்டை ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்களிடம் நல்ல வகைப் பாக்டீரியாக்கள் கூடின. அவை கூடினவர்களிடம் சி.ஆர்.பி. போன்ற அழற்சிக் குறிகள் குறைவு, தளர்ச்சி குறைவு, ஞாபக சக்தி கொஞ்சம் மேல். ஆலிவ் எண்ணெயைத் தேடி நீங்கள் ஐந்து ரோடு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போக வேண்டாம். அதிலிருக்கும் சங்கதி பயறும் முழுத்தானியமும் காய்கறியும். அது உழவர் சந்தையிலேயே இருக்கிறது.

இங்கே என் வீட்டுக் கதை ஒன்று. என் அம்மாவுக்கு 78 வயதில் கீழ்வரிசைப் பல்செட் உடைந்தது. "இனி எதுக்குடா செலவு" என்று தள்ளிப்போட்டார்கள், நானும் வற்புறுத்தவில்லை. அதற்கப்புறம் தட்டில் ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. முதலில் அவரைக்காய், அப்புறம் கீரைத்தண்டு, கொள்ளு, நிலக்கடலை, கொய்யா. கடைசியில் மிஞ்சியது குழைந்த சாதம், ரசம், பால் பிரெட், ஜவ்வரிசிக் கஞ்சி. எல்லாம் வெள்ளை. சேலத்துக்காரனான நான் ஜவ்வரிசியைக் குறை சொன்னால் ஊர் கோபிக்கும், இருந்தாலும் சொல்ல வேண்டியிருக்கிறது: மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பால் எடுத்து மாவைப் படியவைக்கும்போது நாரெல்லாம் திப்பியாகப் பிரிந்து மாட்டுத் தீவனத்துக்குப் போய்விடுகிறது. கையில் வருவது அனேகமாக வெறும் மாவுச்சத்து. காய்ச்சல் நேரத்தில் வயிற்றுக்கு இதம்தான். தினசரிச் சாப்பாடாக அதையே வைத்தால் பெருங்குடல் வரைக்கும் ஒன்றுமே போய்ச் சேராது.

அம்மா இளைத்தார்கள், மலச்சிக்கல், மூன்று தடவை சளிக்காய்ச்சல். நுண்ணுயிரியல் படித்த நான் என்ன செய்தேன்? 1,800 ரூபாய்க்கு ஒரு புரோபயாட்டிக் டின் வாங்கிக் கொடுத்தேன். நான்கு மாதம். கடைசியில் ஒரு பல் மருத்துவர்தான், வேறு எதற்கோ கூட்டிப்போனபோது, "அம்மா என்ன சாப்பிடறாங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை என்பதை இன்றைக்கும் வெட்கத்தோடுதான் சொல்கிறேன். செட் மாற்றி இரண்டு மாதத்தில் அவரைக்காய்ப் பொரியல் தட்டுக்குத் திரும்பியது. அதனால்தான் சளி நின்றது என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஒரு வீட்டுக் கதை ஆதாரம் ஆகாது. மலச்சிக்கல் போனது, எடை ஏறியது. அது எனக்குப் போதுமாக இருந்தது.

பல்செட் என்றதும் இன்னொன்று. ஜப்பானில் 85 வயதைத் தாண்டிய 524 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ராத்திரி பல்செட்டைக் கழற்றாமலே தூங்குகிறவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல். வாயில் வளரும் கிருமி தூக்கத்தில் எச்சிலோடு நெஞ்சுக்குள் இறங்குகிறது. உங்கள் அப்பாவுக்குச் செட் இருந்தால், ராத்திரி கழற்றித் தேய்த்துத் தண்ணீரில் போடச் சொல்லுங்கள். நெஞ்சுச்சளிக்கு இவ்வளவு மலிவான ஏற்பாடு வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்ன கணக்கு, ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார், அதுவும் சாப்பாட்டிலிருந்தே. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் தீட்டிய அரிசியில் சுமார் 2.8 கிராம் நார், சாமையில் 7.7, ராகியில் 11. மூன்று வேளையும் அரிசி, தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் காய் என்றால் 25ஐ எட்டவே முடியாது. ஒரு வேளை ராகிக் களியோ சாமைச் சோறோ, கூடவே தட்டைப்பயறோ கொள்ளோ போட்ட குழம்பு, ஒரு கீரை என்று வைத்தால் எட்டிவிடும். பல் முடியாதவர்களுக்கு இதில் ஒன்றுமே கஷ்டம் இல்லை என்பதைக் கவனியுங்கள். களியை யாரும் மெல்லுவதில்லை. கொள்ளை வேகவைத்துக் கடைந்துவிடலாம். முருங்கைக்கீரையை உருவிப் பருப்போடு மசித்துவிடலாம்.

சேர்வராயன் மலைக் கிராமங்களில் இந்தச் சாப்பாடு இன்னும் புழக்கத்தில் உண்டு. சாமை, ராகி, மொச்சை, பலாக்கொட்டை, காட்டோரத்துக் கீரை. இதை வைத்து "ஏற்காட்டு மலைவாசிகளின் நோயில்லா ரகசியம்" என்று காணொளி போடுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. நல்ல ஆஸ்பத்திரிக்கு மலை இறங்கி வர வேண்டிய ஊர்களில் முதியவர்களுக்கு எவ்வளவு பாடு என்பது அங்கே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவர்களிடமிருந்து ரகசியத்தை எடுக்க வேண்டாம், சாமையை எடுத்துக்கொண்டால் போதும். வாங்கும்போது பளிச்சென்று வெள்ளையாகத் தீட்டியதை விட்டுவிட்டுக் கொஞ்சம் மங்கலாக இருப்பதை எடுங்கள். தீட்டத் தீட்ட நார் தவிட்டோடு போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. இதையெல்லாம் படித்துவிட்டு நாளைக்கே மூன்று வேளையும் களியும் கொள்ளும் போட்டால், அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பழக்கமில்லாத குடலுக்கு நார் திடீரென்று வந்தால் வாயுதான். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 36 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு நாரையும் இன்னொரு கூட்டத்துக்குப் புளித்த உணவையும் கூட்டிப் பார்த்தார்கள். 2021இல் முடிவு வந்தது. பத்து வாரத்தில் நார்க் கூட்டத்தின் பாக்டீரியா வகைகள் கூடவில்லை. குடலில் வகை குறைவாக இருந்த சிலருக்கு எதிர்ப்புச் செல்களின் பரபரப்பு குறைவதற்குப் பதில் ஏறியது. தின்பதற்கு ஆள் இல்லாத வீட்டில் சமைத்துக் குவித்த கதைதான். ஆகவே வாரத்துக்கு ஒன்று என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டே போங்கள், தண்ணீரும் கூடக் குடிக்க வேண்டும். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் கீரை, பயறு அளவை டாக்டரிடம் கேட்டுத்தான் வைக்க வேண்டும், பொட்டாசியம் ஏறிவிடும்.

புளித்த உணவு சாப்பிட்ட கூட்டத்துக்கு என்ன ஆனது? அவர்களிடம் பாக்டீரியா வகைகள் கூடின, ரத்தத்தில் 19 அழற்சிப் புரதங்கள் குறைந்தன. அவர்கள் சாப்பிட்டது தயிர், கெஃபிர் என்ற புளித்த பால், புளிக்கவைத்த காய்கறி மாதிரியானவை. எல்லாரும் முதியவர்கள் இல்லை, ஆட்களும் கொஞ்சம்தான். ஆனாலும் கேப்ஸ்யூலைவிட எனக்கு இது நம்பிக்கையாகத் தெரிகிறது.

உடனே இட்லி என்பீர்கள். இட்லி மாவு புளிப்பது லியூகோநாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்களால்தான், ஆனால் ஆவியில் பத்து நிமிடம் வெந்ததும் அத்தனையும் செத்துவிடும். புளித்ததால் வந்த நன்மைகள், கொஞ்சம் பி வைட்டமின், எளிய செரிமானம், இருக்கும். உயிருள்ள பாக்டீரியா இருக்காது. மோர்க்குழம்பும் அப்படியே. உயிரோடு வேண்டுமென்றால் கொதிக்காத மோரும் தயிரும்தான். தயிர் சாப்பிட்டால் சளி பிடிக்கும் என்று அப்பா மறுத்தால், மதியத்தில் மோராகக் கொடுத்துப் பாருங்கள். தயிருக்கும் நெஞ்சுச்சளிக்கும் தொடர்பு எதுவும் நிரூபணமாகவில்லை.

அப்புறம் பழைய சோறு. நான் அதன் ரசிகன், அதனால்தான் அதைப் பற்றிய புரளிகள் எரிச்சலாக இருக்கின்றன. 100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராமாக இருந்த இரும்புச்சத்து ஒரு ராத்திரி ஊறியதும் 73.91 ஆகிவிடுகிறது என்று எல்லார் கைப்பேசிக்கும் வந்திருக்கும். இரும்பு ஒரு தனிமம். அதை எந்தப் பாக்டீரியாவும் உற்பத்தி செய்ய முடியாது. புளிக்கும்போது தானியத்தில் இரும்பைக் கட்டிவைத்திருக்கும் ஃபைட்டிக் அமிலம் கொஞ்சம் உடைந்து, இருக்கிற இரும்பு உடம்பில் சேர்வது எளிதாகிறது, அவ்வளவே. இதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் பழைய சோறு நல்ல சாப்பாடுதான். ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி செரிக்காத மாவாக மாறிப் பெருங்குடலுக்குப் போகிறது, கூடவே லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள். மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டால் வெங்காயத்தின் ஃப்ரக்டான் நாரும் சேர்ந்துவிடும். மேல்நாட்டில் டப்பாவில் விற்கும் பிரீபயாட்டிக் பொடியில், அதாவது குடல் பாக்டீரியாவுக்குத் தீனியாகும் பொடியில், இருப்பதும் அதே குடும்பத்து நார்தான். சர்க்கரைக்காரர் என்பதால் அளவு ஒரு கிண்ணத்தைத் தாண்ட வேண்டாம். ரத்த அழுத்தம் இருந்தால் ஊறுகாயை மறந்துவிடுங்கள். சோறு சீக்கிரம் ஆறித் தண்ணீருக்குள் போக வேண்டும். சித்திரை வெயிலில் நாள் முழுக்க வெளியே கிடந்து பிசுபிசுத்ததை முதியவர்களுக்குக் கொடுக்கக் கூடாது.

பிரீபயாட்டிக் பற்றி ஒரு நல்ல ஆய்வு உண்டு. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 60 வயதைத் தாண்டிய 36 இரட்டையர் ஜோடிகளை எடுத்து, இரட்டையரில் ஒருவருக்கு மட்டும் 12 வாரம் இனுலின் வகை நார்ப்பொடி கொடுத்தார்கள். 2024இல் வெளியானது. கால் வலு கூடவில்லை, ஞாபகப் பரிசோதனையில் மதிப்பெண் கூடியது. அந்த இனுலினைத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் எடுப்பது சிக்கரிக் கிழங்கிலிருந்து. ஆமாம், நம் ஃபில்டர் காபியில் கலக்கிற அதே சிக்கரி. சந்தோஷப்பட வேண்டாம், வறுக்கும்போது இனுலினில் பெரும்பகுதி சிதைந்துவிடும்.

இனி உங்கள் கையில் இருக்கும் கேப்ஸ்யூல். முதியவர்களுக்கு இதைக் கொடுத்துப் பெரிய அளவில் சோதித்திருக்கிறார்கள், முடிவுகள் விளம்பரத்தில் வராது. பிரிட்டன் ஆஸ்பத்திரிகளில் ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டிருந்த 65 வயதுக்கு மேற்பட்ட ஏறக்குறைய 3,000 பேருக்கு, வயிற்றுப்போக்கு வராமலிருக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். 2013இல் முடிவு: போலி மாத்திரைக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. 2020இல் பராமரிப்பு இல்லங்களில் இருந்த 310 பேரிடம், தொற்றுக்காக ஆன்டிபயாடிக் எடுக்க வேண்டிய நாட்கள் குறைகிறதா என்று பார்த்தார்கள். குறையவில்லை. உங்கள் அப்பாவின் நிலைமைக்கு மிகக் கிட்ட வரும் ஆய்வு இதுதான். 2018இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், ஆன்டிபயாடிக் முடித்தபின் புரோபயாட்டிக் சாப்பிட்டவர்களுக்குச் சொந்தப் பாக்டீரியா பழைய நிலைக்குத் திரும்பவே தாமதமானது. ஒன்றும் சாப்பிடாதவர்களுக்குச் சீக்கிரம் திரும்பியது. குறிப்பிட்ட சில வகைகள் குறிப்பிட்ட சில இடங்களில், உதாரணமாக ஆன்டிபயாடிக்கால் வரும் சி. டிஃபிசில் என்ற குடல் தொற்றைத் தடுப்பதில், பயன்படலாம் என்று அமெரிக்க குடல்நோய் சங்கம் 2020இல் எழுதியது. "பொதுவாக எதிர்ப்பு சக்திக்கு" என்ற வாசகம் அதில் இல்லை. புற்றுநோய் மருந்து எடுப்பவர்களுக்கும், பெரிய ரத்தக்குழாயில் டியூப் போட்டிருப்பவர்களுக்கும் டாக்டர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. அதே பாக்டீரியா ரத்தத்தில் கலந்துவிடக்கூடும்.

டாக்டரே எழுதிக் கொடுத்தால் அட்டையில் வகைப் பெயர் முழுதாக இருக்கிறதா, காலாவதித் தேதி வரை எவ்வளவு உயிரோடு இருக்கும் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி புரோபயாட்டிக் என்று விற்க ஒரு நாள் அளவில் குறைந்தது 10 கோடி இருக்க வேண்டும். லாக்டோபேசில்லஸ் வகைகள் வெப்பம் தாங்காதவை. ஏப்ரல் மாதம் கூரியர் வண்டியில் மூன்று நாள் வெந்து வரும் டப்பாவில் எத்தனை உயிரோடு இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். பாசில்லஸ் வகை விதை மாதிரிக் கெட்டி உறைக்குள் தூங்குவதால் தாங்கும்.

இம்யூனிட்டி பொடியின் அட்டையில் சீந்தில், வேறு பெயரில் கிலோய், இருக்கிறதா பாருங்கள். கொரோனா காலத்தில் இதைக் குடித்தவர்களில் 43 பேருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை இந்தியாவில் 13 மையங்களின் மருத்துவர்கள் சேர்ந்து பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் இந்தத் தொடர்பை ஏற்கவில்லை. வாக்குவாதம் அவர்களுக்குள் நடக்கட்டும். 74 வயதுக் கல்லீரலை வைத்து நாம் சோதிக்க வேண்டாம்.

வைட்டமின் டி வேறு கதை. பற்றாக்குறை நிறையப் பேருக்கு உண்டு, தறிக்கூடத்துக்குள்ளேயே காலம் போனவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பரிசோதனையில் குறைவு என்றால் டாக்டர் சொல்லும் அளவு போட வேண்டியதுதான், எலும்புக்கு. ஆனால் ஆஸ்திரேலியாவில் 60 வயதுக்கு மேற்பட்ட 21,315 பேரில் ஒரு பாதிக்கு மாதம் ஒரு 60,000 யூனிட் வீதம் ஐந்து வருடம் கொடுத்தும் சாவு குறையவில்லை, சளிக்காய்ச்சல் வருவதும் குறையவில்லை. நம் ஊரில் அதே 60,000 யூனிட்டை வாரம் ஒன்று என்று எட்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தால், வருடக்கணக்கில் வாரா வாரம் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும். துத்தநாகமும் அப்படித்தான், நாளைக்கு 40 மில்லிகிராமைத் தாண்டி மாதக்கணக்கில் போனால் உடம்பில் தாமிரம் குறைந்து ரத்தசோகை வரும்.

பி12தான் நான் உங்களை உண்மையிலேயே பார்க்கச் சொல்வது. மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் எடுத்தால் பி12 உறிஞ்சப்படுவது குறையும். வயிற்று அமிலத்தை அடக்கக் காலையில் வெறும் வயிற்றில் போடும் கேஸ் மாத்திரையும் பி12 சேர்வதைக் குறைக்கும். அப்பா அதையும் போடுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் சேலத்தில் அந்த மாத்திரை இல்லாத 70 வயது வீடு அபூர்வம். வயிற்று அமிலம் கிருமிக்கு ஒரு வேலி. வேலியை எடுத்தால் வாயில் இருக்க வேண்டிய பாக்டீரியா குடலில் போய்க் குடியேறுவதை 2016இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்தார்கள். சிலருக்கு அந்த மாத்திரை கட்டாயம் வேண்டும். ஆஸ்பிரினோடு சேர்த்துக் கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தக் கூடாது. எப்போதோ ஒரு நெஞ்செரிச்சலுக்கு எழுதியது ஐந்து வருடமாக ஓடிக்கொண்டிருந்தால், "இது இன்னும் வேணுங்களா?" என்று டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும். என்னைக் கேட்டால், உங்கள் அப்பாவின் குடலுக்கு ஒரு மாத்திரையைச் சேர்ப்பதைவிட ஒன்றைக் குறைப்பதில் பலன் அதிகம் இருக்கலாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காதது. சர்க்கரைக்காரர், 74 வயது, மூன்று மாதத்தில் இரண்டு நெஞ்சுச்சளி என்றால் நான் குடலைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் காசநோயைப் பற்றி யோசிப்பேன். சர்க்கரை இருந்தால் அது வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுங்கள், அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம். மூன்று மாதச் சர்க்கரை அளவு என்ன என்று பாருங்கள். அது ஏறிக்கிடந்தால் வெள்ளை அணுக்கள் வேலை செய்யாது, எந்த மோரும் காப்பாற்றாது. ஃப்ளூ தடுப்பூசி வருடம் ஒரு தடவை, நிமோகாக்கல் தடுப்பூசி எது, எப்போது என்று டாக்டரிடம் கேளுங்கள். சுருங்கிப்போன தைமஸுக்கு நாம் முன்கூட்டியே பாடம் எழுதிக் கொடுக்கக்கூடிய ஒரே வழி அதுதான்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது அப்பா போடும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கேப்ஸ்யூல், பொடி, யாராவது அனுப்பிய லேகியம் எதுவாக இருந்தாலும். "அது சத்து மாத்திரைதானே" என்று வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அப்படியே பல்செட்டையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள்.